தண்ணீர்ப் பந்தலைக் கவிழ்த்த அக்கா

எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருந்த அக்காவைப் பற்றி யாரிடமாவது பேச்செடுத்தால், "ஓ, அந்தத் தண்ணீர்ப் பந்தலைக் கவிழ்த்த பொம்பளையா?" என்றுதான் கேட்பார்கள். கல்கத்தாவில் லேக் கார்டன்ஸ் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு அவரைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். புத்தாண்டு அன்று, வழியில் போகிறவர்களுக்குக் கொடுக்க வைத்திருந்த மோர் அண்டாவைக் காலால் உதைத்தவர். காலால் உதைக்கவில்லை, கையால்தான் தள்ளினார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். ஆனால் நாலு பேர் முன்னால் அதைத் திருத்திச் சொல்ல எனக்கு வாய் வராது. எழுதவாவது வருகிறதா பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

பெயரை எழுதப் போவதில்லை. எங்களில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததும் இல்லை. வங்காளிகளுக்கு அவர் தீதி. எங்களுக்கு அக்கா. கட்டடத்துச் சங்கத்தின் செக்ரட்டரிக்கு மட்டும் 'மேடம்'. செக்ரட்டரியும் தமிழர்தான், வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். 'மேடம்' என்று அவர் சொல்வதைக் கேட்டால் வாசலைக் காட்டி 'வெளியே போ' என்பது மாதிரி இருக்கும்.

அக்கா கோயம்புத்தூர்க்காரர். தொலைபேசி இலாகாவில் வேலை கிடைத்து இளம் வயதில் கல்கத்தா வந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலை முழுக்கப் பேச்சாக இருந்ததாலோ என்னவோ, மூன்றாம் மாடியில் அவர் பேசினால் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் தலையைத் தூக்கிப் பார்ப்பார்.

யார் வீட்டுக்குப் போனாலும் நம் வழக்கப்படி முதலில் தண்ணீர் கொடுப்பார்கள் அல்லவா? அக்கா அந்த டம்ளரை வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். ஒளித்து மறைத்து இல்லை, எல்லோரும் பார்க்க. பிறகு ஒன்று குடிப்பார், இல்லை கீழே வைத்துவிட்டு "நாறுதுங்க" என்பார். கல்யாண வீட்டிலும் அப்படித்தான், துக்கம் கேட்கப் போன வீட்டிலும் அப்படித்தான்.

நாங்கள் தரைத்தளத்துக்குக் குடிவந்த முதல் வாரம் என் வீட்டிலும் அதைச் செய்தார். நான் திருநெல்வேலியிலிருந்து கொண்டுவந்த புது வெள்ளி டம்ளரில் கொடுத்திருந்தேன். முகர்ந்தார், வைத்தார்.

"இதை நீ குடிக்கிறயா கண்ணு?"

"ஆமாக்கா. ஏன்க்கா?"

"கொளந்தைக்கும் இதேதானா?"

நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். வந்த இடத்தில் இப்படி ஒரு அவமானமா என்று இருந்தது. அவர் பின்னாலேயே அடுப்படிக்கு வந்தார். சமாதானம் சொல்ல வந்தார் என்று நினைத்தேன். பெரிய பாத்திரம் எது என்று கேட்டு, தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்து, "கொதி வந்து தளதளன்னு நிக்கோணும். சும்மா சுட வெச்சு இறக்கிப்போட்டு காய்ச்சுனேன்னு சொல்லாத" என்று சொல்லிவிட்டுப் போனார். என் கண் ஈரத்தை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

அவருக்கு ஏன் இந்தத் தண்ணீர்ப் பித்து என்று கட்டடத்தில் பல கதைகள் இருந்தன. தங்கை காலராவில் போய்விட்டாளாம். அம்மா வாந்திபேதியில் போனாளாம். ஒருநாள் இரண்டாம் மாடி பௌதி, அதாவது அந்த வீட்டு வங்காளி மருமகள், நேரிலேயே கேட்டுவிட்டாள். அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரும் சாகலை. எங்க வீட்ல எல்லாரும் கிளவியாகிக் கிளவனாகித்தான் போனாங்க. வீட்ல ஒரு சாவு விழுந்தாத்தான் தண்ணியைப் பத்திக் கேக்கலாம்னு சட்டமா?" என்று தமிழில் பொரிந்துவிட்டு, அதையே வங்க மொழியிலும் ஒருதரம் சொன்னார்.

எங்கள் சந்துக்குத் தண்ணீர் நேரத்துக்கு நேரம்தான் வரும். அதிகாலை ஒரு தடவை, மதியம், சாயங்காலம். கட்டடத்துக்குள் தரைக்கு அடியில் ஒரு தொட்டி. அதில் விழுந்ததை மோட்டார் போட்டு மொட்டைமாடிக்கு ஏற்றுவார்கள். தொட்டியின் மூடி என் ஜன்னலுக்கு நேர் கீழே. அதனால் காலைத் தண்ணீரின் வாடை மற்றவர்களைவிட எனக்கு முன்பே தெரிந்துவிடும். மழைக்காலத்திலும், ராத்திரி ரொம்ப நேரம் தண்ணீர் நின்றுபோன மறுநாளும், முதலில் வரும் தண்ணீர் சாக்கடை வாடையோடு வரும். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். தெளிந்த தண்ணீரும் அந்த முதல் தண்ணீர் விழுந்த தொட்டியில்தானே விழுகிறது? இதை நான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அக்கா ஊருக்கே சொன்னார்.

தண்ணீர் ஆபீஸுக்கு அவர் எத்தனை தடவை போனார் என்பது எனக்குத் தெரியாது. கடைசியில் ஒரு ஆள் வந்தார், நல்ல மதிய வெயிலில். மொட்டைமாடித் தொட்டிக் குழாயில் ஒரு கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து, ஏதோ மருந்து சொட்டு விட்டார். மஞ்சளாக மாறியது. குளோரின் இருக்கிறது என்று அர்த்தமாம்.

"ஜொல் டீக் ஆச்சே, மாஷிமா" என்றார் சிரித்துக்கொண்டே. தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது, அம்மா.

"காலையில முதல் தண்ணி வரும்போது வந்து பாருங்க" என்றார் அக்கா.

"காலையில் எனக்கு வேறு வார்டு."

"சரி, போகட்டும். வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க" என்று அதே குழாயில் ஒரு டம்ளர் பிடித்து நீட்டினார். அந்த ஆள் வேண்டாம் என்றார். அக்கா நீட்டிய கையை இறக்கவில்லை. தாகமில்லை என்றார். "வேர்த்து ஊத்துது, தாகமில்லையா?" வீட்டில் குடித்துவிட்டு வந்தேன் என்றார். அவர் தோள்பையின் பக்கவாட்டில் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று செருகியிருந்தது. அக்கா அதைத் தட்டிக் காட்டினார்.

"அப்ப இது யாருக்கு? உங்க பைக்குத் தாகமா?"

இரண்டாம் மாடி பௌதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த ஆளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தலையை ஆட்டிக்கொண்டே இறங்கிப் போனார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. டம்ளரைக் கவிழ்த்துக் கழுவி வைத்தார்.

செக்ரட்டரி இதையெல்லாம் விரும்பவில்லை. அந்தச் சமயம் அவர் தன் வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய்விடலாம் என்று இருந்தார். வீடு பார்க்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். "தண்ணி கெட்டதுன்னு நாமளே வெளியில சொன்னா இந்த பில்டிங்கை யார் தொடுவா?" என்று சங்கக் கூட்டத்தில் கேட்டார். அவர் வீட்டில், வந்துபோகிற பேரனுக்காகச் சுவரில் மாட்டிய சுத்திகரிப்பு மெஷின் இருந்தது. உண்மையில் தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும் அப்போது அந்த மெஷின் வந்திருந்தது, எங்கள் வீட்டைத் தவிர. நாங்கள் அக்கா சொன்னபடி காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தோம்.

அக்கா அதற்கு ஒரு வேலை செய்தார். தண்ணீர் கலங்கி வந்த நாளெல்லாம் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து, செக்ரட்டரி வாசலில் கோலத்துக்கு நடுவில் வைத்துவிட்டுப் போவார். செக்ரட்டரி பேப்பர் எடுக்கக் கதவைத் திறந்து அதை இடறுவார். "வாட் இஸ் திஸ் நான்சென்ஸ்?" என்று மாடிப்படியில் சத்தம் கேட்கும். மேலேயிருந்து பதில் வரும்: "வீடு வாங்க வர்றவிங்களுக்குக் குடுங்க சார்!"

பந்தல் விஷயத்துக்கு வருகிறேன்.

சித்திரை முதல் தேதியும் வங்காளிகளின் பொய்லா பொய்ஷாக்கும் பெரும்பாலும் அடுத்தடுத்த நாள் வரும். அந்த இரண்டு நாளும் எங்கள் சந்து முனையில் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து தண்ணீர்ப் பந்தல் போடுவது வழக்கம். வெயிலில் போகிறவர்களுக்கு நீர்மோர், பானகம். ரிக்ஷாக்காரர்கள், தலைச்சுமைக்காரர்கள், வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் எல்லோரும் வாங்கிக் குடிப்பார்கள். நல்ல காரியம்தான். நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த மோர் எந்தத் தண்ணீரில் கலக்கப்பட்டது? தொட்டித் தண்ணீரில். அண்டா அண்டாவாக வேண்டுமே, மெஷின் தண்ணீருக்கு எங்கே போவது? காய்ச்சின தண்ணீரில் மோர் கலந்தால் சப்பென்று இருக்குமாம். தன் பேரன் ஒரு வாய் குடிக்க மெஷின் போட்ட வீட்டில், தெருவில் போகிறவனுக்குச் சாக்கடை கலந்த மோர்.

அந்த வருஷம் என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெங்களூரில் கட்டிக்கொடுத்தது. தாய் வீட்டில்தான் முதல் பிரசவம் என்று மூன்று நாள் முன்புதான் ரயிலில் கூட்டிவந்திருந்தோம். அந்த வாரம் முழுக்கக் காலைத் தண்ணீர் மோசம். அக்கா ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டார். "ரெண்டு நிமிஷம் திறந்துவிட்டா சரியாயிடும் மேடம்" என்றார் செக்ரட்டரி.

புத்தாண்டு காலை, பந்தலில் படம் வைத்துப் பூப்போட்டு, மோர் கலந்தார்கள். இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, தாராளமாகப் பெருங்காயம். முதல் டம்ளரைப் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுத்துவிட்டுத்தான் ஊருக்கு ஊற்றுவது என்று எங்களில் ஒரு பழக்கம். செக்ரட்டரியின் மனைவி டம்ளரைத் தட்டால் மூடி, என் வீட்டுக்கு எடுத்துவந்து, என் மகள் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள். ஆசையாகத்தான் கொடுத்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் அப்போது பந்தலில் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தேன். வெயிலுக்குச் சில்லென்று இருக்கவும் என் மகள் ஒரே மூச்சில் குடித்திருக்கிறாள்.

அதற்குப் பிறகுதான் அக்கா இறங்கி வந்தார். நேராக அண்டாவிடம் போய்க் கரண்டியை எடுத்து முகர்ந்தார்.

"பெருங்காயத்தைப் போட்டு அமுக்கீட்டீங்களா?"

"மேடம், ப்ளீஸ். நல்ல நாள். இன்னிக்கு ஒரு நாளாவது சீன் பண்ணாதீங்க" என்றார் செக்ரட்டரி.

"சரிங்க. உங்க பேரனைக் கூப்பிடுங்க. அவன் ஒரு டம்ளர் குடிக்கட்டும். நான் போயர்றேன்."

செக்ரட்டரி கூப்பிடவில்லை. முகம் சிவந்து, "அவனுக்கு ஜலதோஷம்" என்றார். பந்தலுக்கு முன்னால் ஒரு ரிக்ஷாக்காரர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு ஊற்றப் போனார்கள். அப்போதுதான் அக்கா இரண்டு கையையும் அண்டாவின் விளிம்பில் வைத்துத் தள்ளினார். மோர் முழுக்கத் தெருவில் ஓடியது. கறிவேப்பிலை மட்டும் என் காலடியில் ஒதுங்கி நின்றது.

எல்லோரும் கத்தினார்கள். பாவி என்றார்கள். தாகத்துக்கு வந்தவன் வாயில் மண்ணைப் போட்டாளே என்றார்கள். அந்த ரிக்ஷாக்காரருக்கும் கோபம். இந்தியில் ஏதோ திட்டிவிட்டு, எதிர்ப்பக்கத்துத் தெருக்குழாய்க்குப் போய், வாயை வைத்து வயிறு முட்டக் குடித்தார். அதே குழாய்த் தண்ணீர். அக்கா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உன்ற பொண்ணு?"

எனக்குப் புரியவில்லை. செக்ரட்டரியின் மனைவிதான், "அவளுக்குத்தான் முதல்ல கொடுத்தேன்" என்றாள் அழுகையோடு.

அன்றிலிருந்து அக்கா தினமும் காலையில் என் வீட்டுக்கு வந்தார். உட்காரமாட்டார். என் மகளை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்து, கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்ப்பார். என் மகள் கல்கத்தாவிலேயே வளர்ந்தவள். வங்காளிப் பிள்ளைகள் சித்தியைக் கூப்பிடுவதைப் போல அவரை மாஷி என்பாள்.

"ஐயோ, சாடோ மாஷி! விடுங்க. நான் என்ன மீனா, கண்ணைப் பார்த்து வாங்கறதுக்கு?"

"வாயை மூடு. மேலே பாரு."

என் வீட்டுக்காரருக்கே எரிச்சலாகிவிட்டது. ஒன்றும் ஆகவில்லையே, இந்த அம்மா ஏன் தினமும் வந்து பயமுறுத்துகிறாள் என்றார். வாரங்கள் போயின. எனக்கும் மறந்துபோகிற மாதிரி இருந்தது. ஒரு நாள் இமையை இறக்கியவர் விரலை எடுக்கவில்லை. மற்றக் கண்ணையும் பார்த்தார். "சோறு பிடிக்குதா?" என்று கேட்டார். இரண்டு நாளாக வாய்க்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை என்றாள் மகள். அக்கா என்னிடம், "டாக்சி கூப்பிடு" என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாக வந்து நான் கேட்டதே இல்லை.

மஞ்சள் காமாலை. தண்ணீரில் பரவுகிற வகை, குடித்துச் சில வாரம் கழித்துத்தான் வெளியில் தெரியும் என்றார் டாக்டர். மற்றவர்களுக்கு வந்தால் படுத்து எழுந்துவிடுவார்களாம். மாதம் ஏறின கர்ப்பிணிக்கு வந்தால் உயிருக்கே ஆபத்தாம். என் நாத்தனார் காளிகாட்டில் இருக்கிற தன் வீட்டில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கரைத்து ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்துவிட்டாள். அக்கா வார்டு வாசலில் அவளை மறித்தார்.

"எந்தத் தண்ணியில அரைச்சீங்க?"

"அம்மியைக் கழுவிட்டுத்தான்..."

"எதுல கழுவுனீங்க?"

அக்கா அந்தச் சொம்பை அவள் கையிலிருந்து வாங்கிக் கைகழுவும் தொட்டியில் கொட்டினார். நாத்தனார் இன்றுவரை அதைச் சொல்லிச் சொல்லித் திட்டுகிறாள்.

என் மகள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

இதைப் பற்றி நான் வேறொன்றும் எழுத முடியாது.

நாங்கள் வீட்டுக்கு வந்த பிறகு, சந்தில் இன்னும் சில வீடுகளில் காமாலை என்று தெரிந்தது. அதற்குப் பிறகுதான் தண்ணீர் ஆபீஸ் ஆட்கள் ரோட்டைத் தோண்ட வந்தார்கள். அன்று பார்த்து என் வீட்டில் துக்கம் கேட்க ஆட்கள். கடப்பாரைச் சத்தத்துக்கு நடுவில் ஆளுக்கொரு பேச்சு. ஏழு மாசத்தில் ரயிலில் வந்திருக்கக் கூடாது என்றாள் ஒருத்தி. அன்னாசி ஏதும் தின்றாளா என்று என் காதில் கேட்டாள் இன்னொருத்தி. என் மகள் காதிலும் விழுகிற மாதிரிதான் கேட்டாள். செக்ரட்டரி நாற்காலியில் உட்கார்ந்து, "ட்ரெயின்ல எந்த ஸ்டேஷன்ல என்ன குடிச்சாளோ. யாரைச் சொல்ல முடியும்? எல்லாம் விதிம்மா" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. எந்த மடக்கில் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பாதி உண்மையின் நிழலில்தானே அவர் சொகுசாக உட்கார்ந்திருந்தார்! எனக்கு அவர் நாற்காலியை அப்படியே பின்னால் சாய்த்துவிட வேண்டும் போல் இருந்தது. காப்பி கொடுத்தேன்.

என் மகள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அழவில்லை, பேசவில்லை. ராத்திரியில் மட்டும் அவள் உதடு அசையும். நான் பக்கத்தில் படுத்துக் கேட்டிருக்கிறேன். மாடி ஏறினேன், தலைக்குக் குளித்தேன், ஒருக்களித்துப் படுக்கவில்லை, அன்றைக்குக் கனமாகத் தூக்கினேன் என்று தான் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அக்கா தெருவிலிருந்து நேராக உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. புடவைக் கரை முழுக்கக் கறுப்புச் சேறு. அந்த நாற்றம் வீட்டுக்குள் வந்தது.

"விதி இல்லீங்க" என்றார் செக்ரட்டரியிடம். "குழாய். இப்பத்தான் தோண்டுன குழியில நின்னு பார்த்துப்போட்டு வர்றேன். சாக்கடைக்குள்ளயே படுத்துக் கெடக்குது. என்ற கை நுழையற மாதிரி ஓட்டை. போய்ப் பாருங்க."

"மேடம், இது துக்க வீடு..."

"தெரியுமுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். என் வீட்டில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அன்பாகத் தடவிக் கொடுக்கவெல்லாம் அவருக்குத் தெரியாது. என் மகளின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"இங்க பாரு. நீ ரயில்ல வந்ததால இல்லை. தின்னதால இல்லை. குளிச்சதால இல்லை. அந்தக் குழாயை மாத்த வேண்டியவன் மாத்தலை. சொல்ல வேண்டியவன் வாயைப் பொத்திக்கிட்டான். கேட்டுக்க, நான் இன்னொருக்காவும் சொல்றேன்."

துக்கம் கேட்க வந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த பெண்ணிடம் பேசுகிற பேச்சா இது என்று என் நாத்தனார் எழுந்தே விட்டாள். என் மகள் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அத்தனை நாளுக்குப் பிறகு அவள் பேசினாள்.

"அப்ப நான் ஒண்ணும் பண்ணலையா, மாஷி?"

"இல்லை" என்றார் அக்கா. "நீ ஒண்ணும் பண்ணலை. அவிங்க பண்ணுனாங்க."

என் மகள் அந்தச் சேற்றுப் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கதற ஆரம்பித்தாள். அக்கா அவளை அழ விட்டார். செக்ரட்டரி காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அக்கா அவர் முதுகைப் பார்த்தபடி, என் மகளின் தலைமேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, அவள் அழுது ஓயும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.